பூக்காத மரத்தில் கட்டிய அறிவிப்பு

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். வெப்பம் முப்பத்து மூன்று பாகை. கொடிமலையின் உச்சியில் மட்டும் மேகம். பன்னிரண்டு நாளாக என் மழைமானியில் ஒரு சொட்டும் விழவில்லை. பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா, முன்வாசல் கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்க வெளியே வந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். பேசியதைத் தோட்டக் குறிப்பேட்டில் நினைவிலிருந்து அப்படியே எழுதி வைக்கிறேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாததால் இதில் என் குரல் மட்டும்தான் இருக்கும்.

…முழுக்க முழுக்க அந்த நர்சரிக்காரரோட தப்புதான், அக்கா! நான் சொல்றத நீங்க கேக்கணும்… இல்ல, கேக்க வேணாம், நீங்க துணிய எடுங்க, நான் பாட்டுக்குப் பேசறேன். பதிலும் சொல்ல வேணாம். பதினோரு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவங்கள இன்னிக்கு மட்டும் பேசுங்கன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனா வாயப் பூட்டிக்கிற மாதிரி காதப் பூட்டிக்க முடியாதில்ல? அந்த ஒரு தைரியத்துலதான் பாகார் வேலி ஓரமா வந்து நிக்கிறேன். அதுவும் ஒத்தக் கால்ல, கொக்கு மாதிரி. முட்டி இன்னும் சரியா மடங்க மாட்டேங்குது…

அந்த பாலிக் பூலாவ் நர்சரிக்காரர் இருக்காரே, அந்தச் சீனப் பெரியவரு… இந்த மரத்தோட கன்ன விக்கறப்ப என்ன சொன்னாரு? "மூணு வாரத்துல பூத்துரும்லா மேடம், ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாப்பான்"னாரு. மூணு வாரம்னா சரியா இருபத்தொரு நாளா, இல்ல ஒரு பேச்சுக்குச் சொல்றீங்களான்னு கேட்டேன். என்ன ஒரு மாதிரியாப் பாத்துட்டு, பக்கத்துல நின்ன ஆளுக்கு ரம்புத்தான் கன்னு காட்டப் போயிட்டாரு.

ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாத்தான். அத நான் மறுக்கல. மரத்த இல்ல, மரத்துல நான் கட்டி வச்ச அறிவிப்ப! "இம்மரத்தின் பூக்களைப் பறிக்காதீர்கள்." தமிழ்ல ஒண்ணு, மலாய்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. லேமினேட் பண்ணி, நாலு மூலைலயும் ஓட்டை போட்டு, துரு பிடிக்காத கம்பியால கட்டினேன். கேஸ் கொண்டுவர்றவரு அத வாசிச்சாரு. நிமிந்து மரத்தப் பாத்தாரு. மறுபடி வாசிச்சாரு. மறுபடி நிமிந்து பாத்தாரு. ஒரு பூ இல்ல, அக்கா. மூணு வருஷத்துல ஒரு பூகூட இருந்ததில்ல. அந்த அறிவிப்பக் கட்டின அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு ரேமண்ட் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எந்தப் பூவ?" அவ்வளவுதான் கேட்டாரு, உள்ள போயிட்டாரு. நான் அதுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னேன்.

அறிவிப்பு உங்க பக்கம் பாத்துதான் இருந்துச்சு. ஆமா. ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கலாம். கட்டல…

நீங்க அந்த போர்வைய உதறினீங்களே, அது கோவத்துல உதறினதா, தூசிக்கு உதறினதான்னு எனக்குத் தெரியல. எதுவா இருந்தாலும் சரி. உதறுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். நம்ம தெரு லோரோங் வாட்ஸாப் குரூப்புல நான் உங்க பேர எழுதல. "தினமும் காலை ஆறு ஐம்பதுக்குப் பூப் பறிக்க வரும் ஒரு அண்டை வீட்டார்"னுதான் எழுதினேன். நம்ம லோரோங்ல ஆறு அம்பதுக்கு பிளாஸ்டிக் பையோட பூப் பறிக்கப் போறது ஒரே ஒரு ஆளுதான்னு எனக்கு… தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். பேர் போடாம எழுதிட்டா நாகரிகம்னு நெனச்சேன். படிச்சவங்களுக்கு இப்படி ஒரு வியாதி இருக்கு அக்கா. கல்ல விட்டெறியறத நிறுத்த மாட்டோம். கல்லத் துணில சுத்தி எறிவோம்.

அதோட ஒரு அட்டவணை வேற! யாராவது பூத் தொலஞ்சதுக்கு அட்டவணை போடுவாங்களா? நான் போட்டேன். தேதி, நேரம், காய்களின் எண்ணிக்கை, பூக்களின் எண்ணிக்கை, பறித்தவர். அஞ்சு கட்டம். பூக்களின் எண்ணிக்கை எல்லா வரிசைலயும் சைபர். பறித்தவர்ங்கற கட்டத்துல முதல்ல கேள்விக்குறி. அப்புறம் "விசாரணையில்". நான் என்ன பண்ணுவேன், இருபத்தாறு வருஷமா ஃபேக்டரில அதானே வேலை! அளவுக் கருவி சரியா காட்டுதான்னு பாக்கறது. தப்பா காட்டினா ஏன்னு கேக்கணும். பதில் வந்தா அதுக்கும் ஏன்னு கேக்கணும். அப்படி அஞ்சு தடவ. அஞ்சாவது ஏன்ல குத்தவாளி மாட்டிக்குவாரு. எங்க ஃபேக்டரில மாட்டிக்கிறது முக்கால்வாசி ஸ்க்ரூவா இருக்கும். இங்க நீங்க மாட்டிக்கிட்டீங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க, தப்பே இல்லாத கணக்கு. மரம் வச்சு ரெண்டு வாரத்துல என்ன மலாக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. மூணு வாரம். திரும்பி வந்து பாத்தா கெள நுனியெல்லாம் கொத்துக் கொத்தா பச்சை உருண்டை, பட்டாணி மாதிரி. புத்தகத்த எடுத்தேன். அமெரிக்காவுல யாரோ ஒரு அம்மா எழுதினது, கெட்டி அட்டை, கலர் படம். "பூத்து முடிந்தபின் பட்டாணி போன்ற பச்சை விதைக்கூடுகள் தோன்றும். அவற்றை வெட்டிவிட்டால் மரம் மீண்டும் பூக்கும்." படத்தப் பாத்தேன். மரத்தப் பாத்தேன். அதே பட்டாணி. சரி, காய் வந்திருக்கு. காய்க்கு முன்னாடி பூ. அப்படின்னா நான் மலாக்காவுல ஓட்டல் சாப்பாடு சாப்பிட்ட நேரத்துல இது பூத்து முடிச்சிருச்சு! எனக்கு அழுகையே வந்துருச்சு. கத்திரிய எடுத்தேன், அத்தனையும் வெட்டினேன். மறுபடி பூக்கட்டும், இந்தத் தடவ நான் இங்கதான் இருப்பேன்னு.

மறுபடி பட்டாணிதான் வந்துச்சு. பூ இல்ல. வெட்டினேன். மறுபடியும் பட்டாணி.

முதல்ல ஊரச் சந்தேகப்பட்டேன். அந்தப் புத்தகத்துல "கோடையில் பூக்கும்"னு போட்டிருக்கு. பினாங்குல கோடைய எங்க போய்த் தேடறது? இங்க இருக்கறது ரெண்டே காலம். ஒண்ணு மழை பெய்யுது, இன்னொண்ணு மழை பெய்யப் போவுது. அதுக்குத்தான் மழைமானி வாங்கினேன். தொடந்து பத்து நாள் சொட்டு விழலன்னா அது கோடைன்னு நானே சட்டம் போட்டேன். "குளிர்காலத்தின் இறுதியில் கிளைகளைக் குறைக்கவும்"னு இன்னொரு பக்கம் சொல்லுது. இந்த ஊர்ல குளிர்காலம் எங்க ஃபேக்டரி ஏர்கண்டிஷன் ரூம்ல மட்டும்தான் இருக்கு. அங்க கொண்டுபோய் மரத்த வைக்கவா முடியும்?

ரெண்டாவது வருஷம்தான் உங்க மேல வந்தேன். நான் ஆறரைக்குக் கெரேத்தாவ ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடறேன், இருட்டுல. நான் போனதும் வெளிச்சம் வருது. வெளிச்சம் வந்ததும் நீங்க வர்றீங்க. எங்க கேட்டத் தொறந்து செம்பருத்தி, நந்தியாவட்டை பறிக்கிறீங்க. நான்தான் பறிச்சுக்கங்கன்னு சொன்னேன், பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி, இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்துல. எங்களுக்கு மாதா கோயில்ல பூ வைக்க ஆளு இருக்காங்க, உங்க வீட்டுச் சாமிக்காவது ஆகட்டுமேன்னு. அப்ப, செம்பருத்தி பறிக்கிற கை நாலு அடி தள்ளி நீளாதா? இதுதான் என்னோட அஞ்சாவது ஏன்!

ஆதாரம் வேற கெடச்சிச்சு. உங்க வாசப்படில ஒரு இளஞ்சிவப்பு இதழ், கசங்கி, காகிதம் மாதிரி. அத எடுத்து ஜிப் போட்ட பையில வச்சு, தேதி எழுதி, ஃபிரிட்ஜ்ல வச்சேன். ரேமண்ட் ஏதோ ஹாம் துண்டுன்னு நெனச்சு எடுக்கப் போனாரு! எதிர் வீட்டு நோர்மா வீட்டுக் காகிதப் பூ அது. அவங்க வாசல்லேர்ந்து காத்துல பறந்து வந்தது. நம்ம லோரோங் முழுக்கக் கெடக்கு. என் சொந்த வாசல்லயும் கெடந்துச்சு, அக்கா. அத நான் பெருக்கித் தள்ளிட்டுத்தான் உங்க வாசல்ல ஆதாரம் தேடினேன்.

வாட்ஸாப்புல எழுதின அன்னிக்குச் சாயந்தரம் நீங்க எங்க கேட் வரைக்கும் வந்தீங்க. உள்ள வரல. "எவ்லி, பேரே தெரியாத பூவ நான் எப்படிச் சாமிக்கு வைப்பேன்?"னு கேட்டீங்க. அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். உங்க வீட்டுக்காரரு பக்கிரிசாமி அண்ணனக் கூட்டிட்டு வந்து சத்தம் போட்டிருக்கலாம். நான் பதில் தயார் பண்ணி, அச்செடுத்து வச்சிருந்தேன், ரெண்டு பக்கம். நீங்க கேட்ட கேள்விக்கு அதுல பதில் இல்ல.

மறுநாள்லேர்ந்து நீங்க பூப் பறிக்கவே வரல. என் வீட்டுக்கு மட்டும் இல்ல. யார் வீட்டுக்கும் போகல. நோர்மா என்கிட்ட வந்து, "ருக்குமணி அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, எங்க செம்பருத்திய ஏன் எடுக்கறதில்ல?"ன்னு கேட்டாங்க. நான் வெயில் ஜாஸ்தின்னு சொன்னேன். காலைல ஏழு மணிக்கு என்ன வெயில்…

செம்பருத்தி ஒரு நாள் பூதானே. பறிக்கலன்னா சாயந்தரம் சுருட்டிக்கிட்டு விழுது. மறுநாள் லோங்காங் சாக்கடைல மிதக்குது. பதினோரு மாசமா நான்தான் அத வாரிக் கொட்டறேன். ஒரு நாளைக்குச் சராசரி ஒம்பது. எண்ணாதன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். எண்ணிட்டுத்தான் கொட்டறேன்.

நம்ம ரெண்டு பேருக்குத்தான் பேச்சில்ல. வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை காலைல சூலியா தெருவுல ஒரே மேசைல உக்காந்து தே தாரிக் குடிக்கிறாங்க, உங்களுக்குத் தெரியுமா? அண்ணன் பின்சந்து வழியா நடந்து போய் மெயின் ரோட்டுல நிக்கிறாரு. எங்க ஆளு டயருக்குக் காத்தடிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய் ஏத்திக்கிறாரு. ஏழு மாசமா வாரா வாரம் காத்து எறங்கற டயர் உலகத்துல உண்டா? நான் கிலோமீட்டர் மீட்டரப் பாக்கறவ. எனக்குத் தெரியாதா? தெரியும். கேக்கல. அவங்களாவது பேசிக்கட்டும்னு விட்டுட்டேன். அது ஒண்ணுதான் இந்த வருஷத்துல நான் பண்ணின புத்திசாலித்தனம்.

இதவிட ஒரு கூத்து இருக்கு. போன மாசம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "என் பக்கத்து வீட்டுக்காரங்க என் பூவத் திருடினாங்க சாமி, நான் அவங்கள மன்னிச்சிட்டேன்"னு சொன்னேன்! பெருமையா! அவரு, "நல்லதும்மா, உன் பாவத்தச் சொல்லு"ன்னாரு. வேற ஒண்ணும் ஞாபகம் வரல சாமின்னுட்டேன்.

சிரிச்சீங்களா? …இல்ல, அது துணி மாட்டற கிளிப்பு விழுந்த சத்தம். சரி.

அப்புறம் முட்டி. இருபத்துநாலு நாளைக்கு முன்னாடி, புதன்கிழமை, பொது விடுமுறை. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாம, இரும்பு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் கெளைல இருந்த பட்டாணிய வெட்டப் போனேன். ஸ்டூல் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம். கத்திரிய மட்டும் விடல. டாக்டர் மூணு வாரத்துக்குக் குனியக் கூடாது, ஏறக் கூடாதுன்னுட்டாரு. நான் அவர்கிட்ட, "டாக்டர், மரத்துல விதை கட்டிரும், மரத்தோட சத்தெல்லாம் வீணாப் போகும்"னேன். அவரு வாயத் தொறக்கச் சொல்லி டெம்பரேச்சர் பாத்தாரு.

ரேமண்ட வெட்டச் சொன்னேன். அவருக்கு உடனே முதுகு வலி வந்துருச்சு. அந்த முதுகு வலிக்கு நான் இன்னிக்கு நன்றி சொல்லணும்.

ஏன்னா, அக்கா… இன்னிக்குக் காலைல ஏழு இருபதுக்கு, மூணு வாரம் கழிச்சு முதல் தடவையா, கைத்தடியோட வெளில வந்தேன். நிமிந்து பாத்தேன். மேல் கெளைல ஒரு பட்டாணி ஆறா வெடிச்சிருந்துச்சு. உள்ளேர்ந்து கசங்கின துணி மாதிரி ஏதோ வெளில வந்துக்கிட்டிருந்துச்சு. அப்படியே நின்னேன். கொஞ்சங் கொஞ்சமா அது பிரிஞ்சுது. ஆறு இதழ். ஒவ்வொண்ணும் ஒரு மெல்லிசு காம்புல, ஓரமெல்லாம் சுருக்கம், இஸ்திரி போடாத பட்டு மாதிரி. நடுவுல மஞ்சளா மகரந்தம். நெறம்… ரோஸ்னு சொல்ல முடியாது. தீபாவளிக்கு நீங்க கலக்குவீங்களே பண்டோங், பாலும் ரோஸ் சிரப்பும் ஊத்தி, அதுல ஐஸ் உருகறதுக்கு முன்னாடி இருக்கற நெறம். அந்தக் கொத்துல ஏற்கெனவே விரிஞ்சதோட சேத்து எட்டுப் பூ. கீழ பட்ட உரிஞ்சு மழமழன்னு நிக்கிற தண்டு, மேல இந்த நெறம். வெயில் பட்டதும் மரத்துக்கே வெக்கம் வந்த மாதிரி இருந்துச்சு.

அத நின்னு ரசிக்க எனக்கு நேரம் இல்ல. எனக்கு வேற வெக்கம் வந்துருச்சு. விதைக்குள்ளேர்ந்து பூ வராது அக்கா. எந்தப் புத்தகத்துலயும் வராது. மொட்டுக்குள்ளேர்ந்துதான் பூ வரும்.

மூணு வருஷம். வாரா வாரம் சனிக்கிழமை. நான் வெட்டிப் போட்டது அத்தனையும் மொட்டு.

பூக்காத மரத்துக்குக் காவல் வச்சவளே நான்தான். பூக்க விடாதவளும் நான்தான்.

இருங்க, இன்னும் இருக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கேமரா வாங்கி போர்ச் தூண்ல மாட்டினேன். உங்களுக்குச் சொல்லல. உங்களப் பிடிக்கத்தான் மாட்டினேன், உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? நீங்க வர்றத நிறுத்தி ஒம்பது மாசம் ஆனதுக்கப்புறம் மாட்டியிருக்கேன், அத யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு வாரமும் திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், ஆறரைலேர்ந்து எட்டு வரைக்கும், ஓட்டிப் பாப்பேன். ஒரு பூனை வரும். போகும். சனிக்கிழமைப் பதிவ மட்டும் பாக்க மாட்டேன். சனிக்கிழமை நான்தான் வீட்டுல இருக்கேனே, திருடன் வருவானா?

இன்னிக்கு மத்தியானம் சனிக்கிழமைப் பதிவெல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். ஏழு மணி அஞ்சு நிமிஷம். பாத்திக் துணில தொளதொளன்னு கஃப்தான் போட்ட ஒரு பொம்பள வர்றா. கைல வாளி. சுத்தும் முத்தும் பாக்கறா. நெசமா, ஒரு தடவ உங்க வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கிறா! கெள கெளயா இழுத்துப் பிடிச்சு, ஒண்ணு விடாம, நுனியோட வெட்டி வாளில போடறா. பொறுமையா. ரொம்பத் துல்லியமா. வேலை நல்லாத் தெரிஞ்சவ. அந்த மாதிரி ஒரு திருடிய நான் பாத்ததே இல்ல.

ரேமண்ட் பின்னாடி நின்னு பாத்தாரு. காப்பியக் குடிச்சு முடிச்சாரு. "அக்காகிட்ட போய்ச் சொல்லு"ன்னாரு. அது மத்தியானம் ஒண்ணரைக்கு. இப்ப அஞ்சே முக்கால் ஆகப் போகுது. நடுவுல இருந்த நேரமெல்லாம் நான் நர்சரிக்காரரத் திட்டிட்டு இருந்தேன்.

அது அவரு தப்பு இல்ல. அந்த அமெரிக்காக்கார அம்மா தப்பும் இல்ல. அவங்க தெளிவாத்தான் எழுதியிருக்காங்க, "பூத்து முடிந்தபின்"னு. அந்த வார்த்தைய நான் வாசிச்சேன். நம்பல. என் கணக்கத்தான் நம்பினேன்.

ஒண்ணு இன்னும் சொல்லல. அதச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி வந்தேன். நீங்க மறந்திருப்பீங்கன்னு ஆசப்பட்டேன், மறந்திருக்க மாட்டீங்க. போன வருஷம், வாட்ஸாப்புல எழுதறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை. நீங்க இதே எடத்துல நின்னு துணி காயப் போட்டுட்டிருந்தீங்க. நான் இதே எடத்துல வெட்டிட்டிருந்தேன். நீங்க கேட்டீங்க, "ஏன் எவ்லி, மொட்டெல்லாம் வெட்டிப் போடற?"ன்னு.

நான் என்ன சொன்னேன்? "அது மொட்டு இல்லக்கா, விதைக்கூடு. புத்தகத்துல படம் போட்டிருக்கு." சிரிச்சுக்கிட்டே சொன்னேன். உங்களுக்கு எங்க தெரியப் போகுதுங்கற மாதிரி. நாப்பது வருஷமா விடியக்காலைல ஊர்ப் பூவெல்லாம் கையால தொட்டுப் பறிச்சவங்களப் பாத்து, மொட்டு எதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு, அதே கையத் திருட்டுக் கைன்னு எழுதினேன். அட்டவணையோட.

மன்னிப்புங்கற வார்த்தைய ஃபேக்டரி கடிதத்துல நெறைய எழுதியிருக்கேன், அக்கா. "நேர்ந்த தவறுக்கு மன்னிக்கவும்"னு. யாருக்குன்னுகூட பாக்காம எழுதுவேன். வாயால சொல்லிப் பழக்கமில்ல. அதான் கொஞ்சம் தடுமாறுது. என்ன மன்னிச்சிருங்க. நீங்க பேசாம இருக்கறது சரிதான். நான் உங்க எடத்துல இருந்தா பாகார ரெண்டு அடி ஒசத்தியிருப்பேன்.

நாளைக்குக் காலைல எங்க கேட்டப் பூட்ட மாட்டேன். பூட்ட எடுத்து உள்ள வச்சிட்டேன். செம்பருத்தி இருக்கு, நந்தியாவட்டை இருக்கு. அப்புறம் இதுக்குப் பேர் கேட்டீங்களே… இன்னிக்குத்தான் தேடிப் பாத்தேன். நர்சரில கிரேப் மிர்ட்டல்னாங்க. ரோட்டோரமா வளர்ற பெரிய மரத்த மலாய்ல புங்கோர்ங்கறாங்க, தமிழ்ல பூமருது. இது அதோட தங்கச்சி மாதிரி. சின்னப் பூமருதுன்னு வச்சுக்கலாம். பேரு தெரிஞ்சிருச்சில்ல, இனிமே நீங்க…

அக்கா?

அக்கா, அந்த நீலக் கஃப்தானுக்குப் பின்னாடி நீங்கதான நிக்கிறீங்க?

…அது கொடில தொங்கற கஃப்தானா. கால் இல்லயே. நான் எப்பலேர்ந்து இதுகிட்ட பேசிட்டிருக்கேன்? கேமராவுக்கு முன்னாடியா, பின்னாடியா? மொட்டுன்னு சொன்னப்ப இருந்தீங்களா? நீங்க துணி வாளியத் தூக்கிட்டுப் போன சத்தம் ஒண்ணு கேட்டுச்சு, ஆனா அது எந்த இடத்துல… அந்த ஒண்ணத்தான் நான் குறிச்சு வைக்கல.

ஞாயிற்றுக்கிழமை. மழை இல்லாத பதின்மூன்றாம் நாள். அதிகாலையில் இருபத்தாறு பாகை, காற்று இல்லை.

காலை ஆறு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்துக்கு, வழக்கத்தைவிட மூன்று நிமிடம் தாமதமாக, எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. நான் சன்னல் பக்கம் போகவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைப் பிறகு கேமராவில்தான் பார்த்தேன்.

ருக்குமணி அக்கா பதினொரு செம்பருத்தியும் ஒரு கை நந்தியாவட்டையும் பறித்தார். பூமருதின் கீழ் வந்து அண்ணாந்து பார்த்தபடி நாற்பது விநாடி நின்றார். தொடவில்லை. பிறகு நேராகப் போர்ச் தூணுக்கு வந்து, சுங்கச் சோதனையில் காட்டுவதைப் போல, பையை விரித்துக் கேமராவுக்குக் காட்டினார். இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். ஏதோ சொன்னார். சத்தம் பதியாத மலிவான கேமரா. அந்த இடத்தை ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். உதடு இரண்டு முறை அசைகிறது. "எவ்லி"யாக இருக்கலாம். "லூசு" என்றும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் என்னிடம் சொன்னதுதான்.

ஏழரை மணிக்கு ரேமண்டும் பக்கிரிசாமி அண்ணனும் எங்கள் வாசலிலேயே ஒரே காரில் ஏறிச் சூலியா தெருவுக்குப் போனார்கள். டயரைப் பற்றி யாரும் பேசவில்லை. பூசைக்குள் திரும்பிவிடுவதாக மட்டும் ரேமண்ட் சொன்னார்.

எட்டு மணிக்கு நான் வாட்ஸாப் குழுவில் திருத்திய அட்டவணையை அனுப்பினேன். கடைசிக் கட்டத்தில், எல்லா வரிசையிலும், என் பெயர். சிரிக்கும் முகங்கள் இரண்டு திரை நீளத்துக்கு வந்தன. நோர்மா நேரில் வந்து அந்த அறிவிப்பைத் தன் மாமரத்துக்குக் கேட்டு வாங்கிப் போனார். பூக்கள் என்ற சொல்லை மட்டும் அடித்துக் காய்கள் என்று எழுதிவிட்டால் போதுமாம். அவர் மரத்தில் உண்மையாகவே காய் இருக்கிறது.

எட்டு இருபதுக்குக் கேமராவைக் கழற்றினேன். கத்திரியை எடுத்தேன். ஸ்டூல் இல்லாமல், கைத்தடியின் வளைவால் மேல்கிளையை இழுத்துப் பிடித்து, முதன்முதலாகப் பூத்த அந்தக் கொத்தை வெட்டினேன். அதில் ஒரு சீட்டைக் கட்டி, பக்கத்து வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டேன். சீட்டில் எழுதியிருந்தது: பெயர், சின்னப் பூமருது. பூக்களின் எண்ணிக்கை, எட்டு. பறித்தவர், எவ்லின்.

பூசை முடிந்து பத்து நாற்பதுக்குத் திரும்பியபோது கேட்டில் சீட்டு மட்டும் இருந்தது. பூவைக் காணவில்லை.

யார் எடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை.